அல்கினோன் வெப்பமானியும் வெப்பமண்டலக் கடலில் அதன் வரம்பும்

விருதுநகர் மாவட்டத்தின் கண்மாய்கள் பெரிதும் வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. சிவகாசியில் பட்டாசுத் தொழில் வேரூன்றியதற்கோ வறண்ட காற்றே காரணமாகக் கூறப்படுகிறது. இம்மழையின் ஏற்ற இறக்கத்தில் வங்காள விரிகுடாவின் மேற்பரப்பு வெப்பநிலைக்கும் பங்குண்டு. கருவிப் பதிவுகள் எட்டாத காலத்துக் கடல் வெப்பநிலையை அறிய உதவும் சான்றுகளுள் அல்கினோன்கள் முதன்மையானவை.

எமிலியானியா ஹக்ஸ்லி, ஜெஃபைரோகாப்சா ஓசியானிக்கா முதலிய நுண்பாசிகள் 37 கரிம அணுக்களைக் கொண்ட நீள்சங்கிலிக் கீட்டோன்களை உருவாக்குகின்றன. குளிர்நீரில் மூன்று இரட்டைப் பிணைப்புடைய வடிவமும் வெந்நீரில் இரண்டு உடைய வடிவமும் மிகுகின்றன. இவை செல் சவ்வின் நெகிழ்வைக் காப்பவை என முன்னர்க் கருதப்பட்டது. இன்று ஆற்றல் சேமிப்புப் பொருளாகவே பெரிதும் கொள்ளப்படுகின்றன. விகிதம் வெப்பநிலையைத் தொடர்வது உறுதி. ஏன் தொடர்கிறது என்பதே இன்னும் தெளிவாகவில்லை.

இவ்விகிதத்தைப் பழங்கால வெப்பமானியாகப் பயன்படுத்தலாம் என்பதை பிராசெல் குழுவினர் 1986இல் காட்டினர். இரு வடிவங்களின் கூட்டுத்தொகையில் இரட்டைப் பிணைப்பு இரண்டுடையதன் பங்கே இன்று வழங்கும் குறியெண். முல்லர் குழுவினர் 1998இல் உலகளாவிய கடலடிப் படிவுகளைக் கொண்டு அளித்த சமன்பாடு: குறியெண் = 0.033 × வெப்பநிலை + 0.044. குறியெண் 0.869 எனில் வெப்பநிலை 25 பாகை செல்சியஸ். பிழை ஏறத்தாழ 1.5 பாகை.

இடர்ப்பாடு நம் கடலில்தான் எழுகிறது. இச்சமன்பாட்டில் குறியெண் 1 ஆகும்போது வெப்பநிலை ஏறத்தாழ 29 பாகை; அதற்குமேல் அளவிட இயலாது. மன்னார் வளைகுடாவின் நீர் ஆண்டின் பல மாதங்களில் இவ்வெல்லையை ஒட்டியே உள்ளது. அங்கு மூன்று இரட்டைப் பிணைப்புடைய வடிவம் மிக அருகிவிடுவதால், வளிம நிறப்பகுப்பில் அதன் முகடு பின்னணி இரைச்சலில் மறையக்கூடும். டியர்னி, டிங்லி ஆகியோர் 2018இல் அளித்த பேய்சிய அளவீடு, ஏறத்தாழ 24 பாகைக்கு மேல் குறியெண்ணின் உணர்திறன் குன்றுவதைக் கணக்கில் கொள்கிறது. வெப்பமண்டல ஆய்வாளர் நேர்கோட்டுச் சமன்பாட்டைவிட இதனையே தேர்தல் நன்று என்பது என் கருத்து.

இது வெறும் கணக்கியல் நுட்பமன்று. மாலத்தீவுகளுக்கு அருகில் எடுக்கப்பட்ட படிவுத் தண்டில் அல்கினோன் வெப்பநிலையையும் ஃபொராமினிஃபெரா ஓடுகளின் ஆக்சிஜன் ஐசோடோப்பு விகிதத்தையும் இணைத்து, ரோஸ்டெக் குழுவினர் 1993இல் பண்டைய உவர்ப்பியத்தைக் கணித்தனர். இம்முறையில் வெப்பநிலையை 1 பாகை தவறாகக் கணித்தால், ஐசோடோப்பு மதிப்பில் ஏறத்தாழ ஆயிரத்தில் 0.2 பங்கு உவர்ப்பியத்தின் கணக்கில் சேர்ந்துவிடும். அதனை நன்னீர் வரத்தின் மாற்றமாக, அதாவது மழையின் மாற்றமாக, வாசித்துவிட நேரும்.