துருவத் தாங்கி (டிஷ் அலைவாங்கி)

துருவத் தாங்கி என்பது பெரிய டிஷ் அலைவாங்கியை ஒரே மின்னோடியால் பல செயற்கைக்கோள்களை நோக்கித் திருப்ப உதவும் அமைப்பு ஆகும். சி-பேண்ட் அலைகளைப் பெறும் 2 முதல் 4 மீட்டர் விட்டமுள்ள டிஷ்களில் இது பெரும்பாலும் பயன்படுகிறது.

தத்துவம்

புவிநிலைச் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டிற்கு நேர்மேலே, 35,786 கி.மீ. உயரத்தில் ஒரே வட்டப்பாதையில் அமைந்துள்ளன. ஆர்தர் சி. கிளார்க் 1945இல் இப்பாதையின் பயனை விளக்கி எழுதியமையால் இது கிளார்க் வளையம் எனவும் அழைக்கப்படுகிறது. தரையிலிருந்து நோக்கினால் இது கிழக்கு மேற்காக வளைந்த வில்லாக அமையும். சாதாரணத் தாங்கியில் ஒவ்வொரு முறையும் திசைக்கோணம், ஏற்றக்கோணம் ஆகிய இரண்டையும் மாற்ற வேண்டும். துருவத் தாங்கியின் அச்சு புவியின் அச்சுக்கு இணையாக இருப்பதால், ஒரே சுழற்சி டிஷ்ஷை அவ்வில்லின் வழியே நகர்த்துகிறது.

கோணங்கள்

வட அரைக்கோளத்தில் அச்சு உண்மை வடக்கை நோக்கி, கிடைமட்டத்திலிருந்து அவ்விடத்தின் அகலாங்கிற்குச் சமமான கோணத்தில் உயர்ந்திருக்க வேண்டும். இவ்வச்சுக்குச் செங்குத்தாக நோக்கும் டிஷ், வளையத்திற்குச் சற்று வடக்கே பார்க்கும். ஆகவே அதைத் தெற்கே சிறிது சாய்க்க வேண்டும். இச்சாய்வு 10 பாகை அகலாங்கில் சுமார் 1.8 பாகை; 30 பாகையில் 5; 45 பாகையில் 6.8. வில்லின் இரு முனைகளிலும் தேவைப்படும் சாய்வு சற்றுக் குறைவு. எனவே அச்சை ஒரு பாகைக்கும் குறைவாகத் தெற்கே சாய்த்து, டிஷ்ஷின் சாய்வை அதே அளவு குறைப்பது வழக்கம்.

தூண்

காங்கிரீட்டில் ஊன்றிய இரும்புத் தூண் முற்றிலும் செங்குத்தாக நிற்க வேண்டும். இதனை ரசமட்டத்தால் இரு திசைகளிலும் சோதிக்கலாம். காந்த ஊசி காட்டும் வடக்கு உண்மை வடக்கிலிருந்து வேறுபடலாம். துருவ நட்சத்திரம் ஒரு பாகைக்குள் சரியாகக் காட்டும். மணிக்கு 100 கி.மீ. வேகக் காற்றில் 3 மீட்டர் டிஷ்ஷின் மீது 4,000 நியூட்டன் அளவிலான விசை தாக்கக்கூடும். காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும்.

மின்னோடி

நேர்மின்னோட்டத்தில், பொதுவாக 36 வோல்ட்டில், இயங்கும் மின்னோடி ஒரு திருகுத் தண்டைச் சுழற்ற, கரம் நீண்டு சுருங்கி டிஷ்ஷைத் தள்ளும். ரீட் சுவிட்ச் அனுப்பும் துடிப்புகளை எண்ணி, கட்டுப்பாட்டுப் பெட்டி இருப்பிடத்தை அறிகிறது. சில துடிப்புகள் தவறினால் நினைவிலுள்ள எல்லா இடங்களும் பிறழ்ந்துவிடும். கரம் எல்லை மீறாதிருக்க எல்லைச் சுவிட்சுகள் தேவை. டிஷ்ஷின் அருகில் வேலை செய்யும்போது மின்சாரத்தைத் துண்டித்துவிட வேண்டும்.

சரிசெய்தல்

4 கிகாஹெர்ட்சில் 3 மீட்டர் டிஷ்ஷின் கற்றை அகலம் ஏறத்தாழ 1.7 பாகை மட்டுமே. நோக்கு 1 பாகை விலகினால் பெறும் திறன் பாதிக்கும் கீழாகிவிடும். முதலில் நேர்தெற்கிற்கு அருகிலுள்ள செயற்கைக்கோளையும், பின்னர் இரு முனைகளில் உள்ளவற்றையும் சோதிக்க வேண்டும். ஒரு முனையில் டிஷ் மேலாகவும் மறுமுனையில் கீழாகவும் நோக்கினால், பிழை வடதிசையிலோ தூணின் நிமிர்விலோ உள்ளது. இரு முனைகளிலும் ஒரே பக்கம் விலகினால் அச்சின் சாய்வைத் திருத்த வேண்டும்.

வரலாறு

1976இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டெய்லர் ஹோவர்ட் கலிபோர்னியாவில் தம் வீட்டில் செயற்கைக்கோள் தொலைக்காட்சியைப் பெறும் அமைப்பை உருவாக்கினார். 1979இல் அமெரிக்க அரசு, அலைகளைப் பெற மட்டும் பயன்படும் நிலையங்களுக்குக் கட்டாய உரிமத்தை நீக்கியது. அதன்பின் அங்கு வீட்டு டிஷ்கள் பெருகின. 1990களில் நிலையாகப் பொருத்தப்படும் சிறிய டிஷ்கள் பரவியதால் இவற்றின் தேவை குறைந்தது. எனினும் பல செயற்கைக்கோள்களின் அலைகளைப் பெற விரும்பும் ஆர்வலர்கள் இன்றும் துருவத் தாங்கிகளை அமைத்து வருகின்றனர்.