ராத்திரி மூணு மணிக்கு ஒரு ரீடிங்

ஹாஸ்டல் ரூம்ல ஃபேனை ஃபுல் ஸ்பீடுல வச்சுட்டுத் தூங்குறீங்க. விடியக்காலையில குளிருது. ஃபேனுக்கு அது தெரியுமா? தெரியாது. வச்ச வேகத்துல சுத்திக்கிட்டே இருக்கும். ஏசியா இருந்தா ரூம் வெப்பத்தை அளந்து தானாவே நிறுத்திக்கும். முதலாவது ஓப்பன் லூப், இரண்டாவது க்ளோஸ்டு லூப். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர்ல படிச்சதுதான்.

நம்ம கணையமும் ஒரு க்ளோஸ்டு லூப். தூங்கும்போதும் கல்லீரல் கொஞ்சம் கொஞ்சமா குளுக்கோஸை ரத்தத்தில் விடும். கணையம் அதுக்கேத்தபடி இன்சுலினைக் கூட்டும், குறைக்கும். டைப் 1 சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்த வேலையைச் செய்வது நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின் ஊசி. போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. சர்க்கரை இறங்கினாலும் அது வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும், அந்த ஃபேன் மாதிரி.

காலையில எழுந்து பார்த்தா 220. "நேத்து இன்சுலின் பத்தல, இன்னிக்கு ரெண்டு யூனிட் கூட்டிடலாம்"னு தோணும். அவசரப்படாதீங்க. அதே 220-க்குப் பல காரணங்கள் இருக்கலாம்.

ஒன்று, விடியற்காலையில் கார்டிசால், வளர்ச்சி ஹார்மோன் போன்றவை கூடி, கல்லீரலை அதிக குளுக்கோஸ் விட வைக்கும். இதுக்கு 'டான் ஃபினாமினன்'னு பேர். இரண்டு, லேட்டா சாப்பிட்ட பரோட்டா. அதிலுள்ள கொழுப்பு செரிமானத்தைத் தாமதப்படுத்தும், சர்க்கரை நடுராத்திரிக்கு மேல ஏறும். மூன்று, ராத்திரி சர்க்கரை 60-க்கு இறங்கி, வியர்த்து எழுந்து, பயத்துல ஒரு பாக்கெட் பிஸ்கட்டையே காலி பண்ணினது.

மூணாவது காரணத்துக்கு இன்சுலினைக் கூட்டினா என்ன ஆகும்? அடுத்த ராத்திரி இன்னும் கீழே போகும். அதான் ஆபத்து.

அவுட்புட்டை மட்டும் பார்த்து கோடை மாத்துவோமா? நடுவுல ஒரு பிரின்ட் போட்டுப் பார்ப்போம்ல, அதே மாதிரி இங்கேயும். இரண்டு மூன்று நாள், படுக்கும் முன், ராத்திரி 3 மணிக்கு, எழுந்ததும் என மூன்று ரீடிங் எடுத்து எழுதி வையுங்க. 3 மணிக்குச் சரியா இருந்து காலையில ஏறியிருந்தா ஒரு கதை, 3 மணிக்கே இறங்கியிருந்தா வேற கதை. அந்தத் தாளோட டாக்டரைப் பாருங்க. டோஸை நீங்களா மாத்தாதீங்க.

சாயங்காலம் ஃபுட்பால் ஆடின நாள்ல கூடுதல் கவனம் தேவை. விளையாட்டின் விளைவு பல மணி நேரம் கழிச்சும் சர்க்கரையை இறக்கும். மதுவும் அப்படித்தான், கல்லீரல் புதுசா குளுக்கோஸ் தயாரிப்பதைத் தடுக்கும்.

70-க்குக் கீழே போனா 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை, அதாவது சுமார் ஒரு மேசைக்கரண்டி, தண்ணீரில் கலந்து குடிக்கணும். 15 நிமிடம் கழிச்சு மறுபடி செக் பண்ணணும். ஏறலைன்னா திரும்ப அதே அளவு. சாக்லேட் வேண்டாம், அதுல இருக்குற கொழுப்பு வேகத்தைக் குறைக்கும்.

இப்போ பக்கத்துக் கட்டில்ல படுக்குற உங்களுக்கு. ரூம்மேட் நடுராத்திரி வியர்த்துக் கொட்டி, குழறிப் பேசினா, "தண்ணி போட்டிருக்கான்"னு விட்டுடாதீங்க. விழுங்கும் நிலையில் இருந்தா சர்க்கரை கொடுங்க. எழுப்பியும் எழலைன்னா வாயில் எதையும் ஊத்தக்கூடாது, மூச்சுக்குழாயில் போயிடும். ஒரு பக்கமா திருப்பிப் படுக்க வச்சு 108-க்கு அடிங்க.

சென்சாரும் பம்ப்பும் சேர்ந்து அடிப்படை இன்சுலின் அளவைத் தானே மாற்றும் கருவிக்கு 2016-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைச்சது. ஆனா இந்த வகைக் கருவிகளின் விலை எல்லாருக்கும் எட்டாது. அதுவரைக்கும் ஃபீட்பேக் லூப்பை மூடுறது 3 மணி அலாரமும் ரூம்மேட்டும்தான். இன்சுலின் போடுறவரா நீங்க? இன்னிக்கு ராத்திரியே ரூம்ல சொல்லிடுங்க, குளுக்கோஸ் டப்பா எங்கே இருக்குன்னும் காட்டிடுங்க. மறைக்க இதுல ஒண்ணுமில்ல.