இரும்புக்கு ஒரு வேலி

மழையில் கிடக்கும் ஆணி துருப்பிடிக்கிறது. காற்றிலுள்ள பிராணவாயுவும் நீரும் சேர்ந்து இரும்பை அரித்துவிடுகின்றன. நம் குருதியிலும் இரும்பு உண்டு. அது நீரின் நடுவிலேயே இருந்துகொண்டு, நுரையீரலில் பிராணவாயுவை ஏற்றுக்கொள்கிறது. தசைகளில் இறக்கிவிட்டு, மீண்டும் ஏற்றுக்கொள்ள வருகிறது. இந்த இரும்பு எளிதில் கெட்டுவிடாமல் இருப்பது எப்படி? மாணவ நண்பர்களே, இக்கேள்விக்கு இரசாயன அறிஞர்கள் விடை கண்ட வகையை இன்று சொல்ல விரும்புகிறேன்.

குருதிக்குச் செந்நிறம் தரும் ஹீமோகுளோபின் மிகப் பெரிய மூலக்கூறு. அதில் ஏறக்குறைய 10,000 அணுக்கள் உள்ளன, இரும்பணுக்களோ நான்கே. ஒவ்வோர் இரும்பணுவும் போர்பிரின் என்னும் தட்டையான வளையத்தின் நடுவே, நான்கு நைட்ரஜன் அணுக்களின் பிடியில் அமர்ந்திருக்கிறது. இவ்வமைப்புக்கு ஹீம் என்று பெயர். எஞ்சியதெல்லாம் புரோட்டீன். கேம்பிரிட்ஜில் மாக்ஸ் பெரூட்ஸ் பல்லாண்டு உழைத்து, எக்ஸ் கதிர்களின் துணையால் இம்மூலக்கூறின் வடிவத்தைக் கண்டறிந்தார்; 1962இல் ஜான் கெண்ட்ரூவுடன் நோபெல் பரிசும் பெற்றார். புரோட்டீனின் மடிப்புகளில் ஹீம்கள் தனித்தனியே ஒதுங்கியிருப்பதை அவ்வாராய்ச்சி காட்டிற்று.

நான்கு இரும்பணுக்களுக்கு இத்தனை பெரிய மாளிகை எதற்கு? ஹீமை மட்டும் பிரித்தெடுத்து, கரைசலாக்கி, பிராணவாயுவைச் செலுத்தினால் விடை தெரியும். ஓர் இரும்பணு பிராணவாயு மூலக்கூறைப் பற்றியவுடன், அதன் மறுமுனையை இன்னொரு ஹீமின் இரும்பு பற்றிக்கொள்கிறது. இரண்டுக்கும் இடையே அம்மூலக்கூறு பிளவுபடுகிறது. முடிவில் இரண்டு இரும்பணுக்களும் ஒரு பிராணவாயு அணுவால் பிணைக்கப்பட்டு நிற்கின்றன. அதன்பின் அவை பிராணவாயுவைச் சுமக்கமாட்டா. இதுவும் ஒருவகைத் துருவே.

ஆகவே, ஒரு ஹீமை மற்றொன்று நெருங்காமல் காப்பது புரோட்டீனின் முக்கியப் பணி என்று ஊகிக்கலாம். அந்த ஊகத்தைச் சோதிக்கப் புரோட்டீன் இன்றியே அக்காவலை அமைத்துப் பார்க்கவேண்டும். 1973இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் கோல்மன் குழுவினர் இதனைச் செய்தனர். செயற்கைப் போர்பிரின் வளையத்தின் ஒரு பக்கத்தில் நான்கு பருத்த அணுத்தொகுதிகளை வேலிக்கம்பங்கள் போல் நிறுத்தினர். மறுபக்கத்தில், புரோட்டீனில் ஹிஸ்டிடீன் வகிக்கும் இடத்தில், இமிடசோல் வகைச் சிறு மூலக்கூறு ஒன்றை இணைத்தனர். வேலிக்குள் பிராணவாயு நுழையலாம். இன்னொரு போர்பிரின் நுழைய இயலாது. இச்சேர்மம் சாதாரண வெப்பநிலையிலேயே பிராணவாயுவை ஏற்றது. சூழலில் அவ்வாயு குறைந்தபோது விடுத்தது.

1974இல் இதன் படிகத்தை ஆராய்ந்தபோது, பிராணவாயு தன் ஒரு முனையால் மட்டும் இரும்பைத் தொட்டுச் சாய்ந்து நிற்பது தெரிந்தது. லைனஸ் பாலிங் முன்பே கருதியதும் இதுவே. பெரும் புரோட்டீனில் மங்கலாகத் தோன்றுவது சிறிய மாதிரியில் தெளிவாகப் புலப்படுகிறது. மாதிரிகளால் விளையும் பெரும்பயன் இது.

இதே ஹீம் நம் கல்லீரலில் சைட்டோகுரோம் பி-450 என்னும் என்ஸைம்களிலும் உண்டு. அங்கே நைட்ரஜனுக்குப் பதிலாகக் கந்தகம் இரும்போடு இணைந்துள்ளது. அந்த ஹீம் பிராணவாயுவைச் சுமந்து செல்வதில்லை. அதனைப் பிளந்து, ஓர் அணுவை மருந்துப்பொருள்கள் போன்றவற்றில் சேர்க்கிறது. 1979இல் ஜான் குரோவ்ஸ் குழுவினர், வேறொரு சேர்மத்திலிருந்து பெற்ற பிராணவாயு அணுவைச் செயற்கை இரும்புப் போர்பிரின் வாயிலாக ஹைட்ரோகார்பன்களில் ஏற்றிக் காட்டினர்.

இம்மாதிரிகள் இயற்கைக்கு முற்றும் ஈடாகா. ஹீமோகுளோபினில் ஒரு ஹீம் பிராணவாயுவை ஏற்றால், மற்றவை அதனை ஏற்பது எளிதாகிறது; ஒற்றை வளையத்தால் இவ்வுதவி இயலாது. ஆயினும், இரும்பின் குணத்தை அதன் சூழலும் சேர்ந்தே வகுக்கிறது என்பதை இவை ஐயமற நிலைநாட்டின. இரசாயனம் பயிலும் மாணவர்கள் ஓர் உலோகத்தின் குணங்களைப் படிக்கும்போது, அதனைச் சூழ்ந்து நிற்பவை எவை என்றும் உடன் கேட்டுப் பழகுவார்களாக.