குட்டி யானை எவ்வளவு சுமக்கும்?



ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் குழுவுக்குச் சரக்கு ஏத்தணும்னா நாம கூப்பிடுறது குட்டி யானையைத்தான். 2005ல் வந்த டாடா ஏஸ் வண்டிக்கு ஜனங்க வைத்த பேர் அது. பேர்தான் யானை. முதலில் வந்த வண்டி சுமந்தது முக்கால் டன், அதாவது 750 கிலோ. இப்போது பல மாடல்கள் ஓடுகின்றன. அதனால் வாய்க்கணக்கை விட்டுவிட்டு ஆர்.சி.யை வாங்கிப் பாருங்கள்.

அதில் 'அன்லேடன் வெயிட்' என்பது வெறும் வண்டியின் எடை. 'லேடன் வெயிட்' என்பது சரக்கு, டிரைவர், பக்கத்தில் உட்காரும் ஆள் எல்லாம் சேர்த்து அனுமதித்த மொத்த எடை. உதாரணத்துக்கு, மொத்தம் 1,550 கிலோ, வெறும் வண்டி 800 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 750. டிரைவரும் நம்ம ஆள் ஒருத்தரும் 120 கிலோ போனால் சரக்குக்கு 630தான். 50 கிலோ சிமெண்ட் மூட்டை 12 ஏற்றலாம். பதினைந்து ஏறாது! 20 லிட்டர் தண்ணீர் கேன் என்றால் கேனோடு 21 கிலோ, முப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வண்டிக்குப் பிறகு இரும்புக் கூண்டு கட்டியிருந்தால் அந்த எடையையும் கழிக்க வேண்டும்.

"நல்லா இழுக்கும்மா, ஏத்துங்க" என்பார்கள். இழுக்கிறது வேறு, தாங்குறது வேறு. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கன்டெய்னர் டிரெய்லர் பார்த்திருப்பீர்கள். டிரெய்லருக்குச் சக்கரம் பின்பக்கம் மட்டும்தான். அதன் முன்பக்கச் சுமை, இழுக்கிற லாரியின் முதுகில் உள்ள வட்டத் தட்டில் உட்காரும். அந்தத் தட்டுக்கு 'ஐந்தாவது சக்கரம்' என்று பேர் (உருளாத சக்கரம்!). அந்தச் சுமையையும் லாரியின் கணக்கில்தான் சேர்ப்பார்கள். இஞ்சினுக்குச் சக்தி இருந்தாலும் பட்டை, டயர், பிரேக் தாங்க வேண்டுமே.

இன்னொரு நடை வாடகை மிச்சம் என்று எங்கள் குழு ஒருமுறை இருபது மூட்டை ஏற்றினோம், அதுவும் பின்னோரமாக. பாலம் ஏறும்போது முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பேச்சைக் கேட்கவில்லை. இறங்கும்போது பிரேக் பிடிக்கத் தாமதமாச்சு. யாருக்கும் அடியில்லை, அவ்வளவுதான். கனமான மூட்டையைக் கேபினை ஒட்டி, கீழே, இரண்டு பக்கமும் சமமாக அடுக்கணும்னு அப்புறம்தான் தெரிந்தது.

2019 சட்டத் திருத்தப்படி அதிக பாரத்துக்கு அபராதம் ரூ.20,000, கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் இன்னும் ரூ.2,000. கூடுதல் சரக்கை அங்கேயே இறக்கவும் வைப்பார்கள். சந்தைக்குப் போகும்போது மூட்டை மேல் உட்கார்ந்து போகிற பழக்கத்தையும் விடுங்கள். சரக்கு வண்டியில் சும்மா ஏறிப் போகிறவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002லேயே சொல்லிவிட்டது. பஸ்ஸில் போய் இறங்கி, சரக்கை அங்கே வாங்கிக்கொள்ளுங்கள்.