கம்மலை அடகு வைத்து 'தீசிஸ்' வாங்கிய மாணவி! நூலகத்தில் சும்மா கிடைப்பதை விலைக்கு விற்ற புரோக்கர்

சென்னை,

நூலகத்தில் சும்மா கிடைக்கும் சரக்கைப் புரோக்கரிடம் காசு கொடுத்து வாங்கிப் பணத்தைப் பறி கொடுத்தார், ஒரு ஆராய்ச்சி மாணவி. பட்டமும் மயிரிழையில் தப்பியது.

அதன் விவரம் வருமாறு:-

மாணவி வட சென்னையைச் சேர்ந்தவர். பெயர் வேண்டாம். அப்பா மீன்பாடி வண்டி ஓட்டுகிறார். அம்மா வாசலில் இட்லிக் கடை போட்டிருக்கிறார். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படியை முதலில் மிதித்தவர் இவர்தான். ஒரு அரசுக் கல்லூரியில் "டாக்டர்" பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறார். பெரம்பூர் 'பி அண்ட் சி' மில் தொழிலாளர்களின் வரலாறுதான் அவர் எடுத்துக் கொண்ட விஷயம். காரணம் இருக்கிறது. அவருடைய பாட்டன் அந்த மில்லில் வேலை பார்த்தவர்.

சுவரில் பார்த்த நோட்டீசு

நான்கு வருஷம் ஓடிவிட்டது. எழுத்து நகரவில்லை. எந்தப் புத்தகத்தைப் பார்ப்பது, யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. அப்போதுதான் பஸ் ஸ்டாப் சுவரில் அந்த நோட்டீசைப் பார்த்தார். "எல்லா பாடங்களுக்கும் தீசிஸ் எழுதித் தரப்படும்."

அம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போனது. பணம் புரோக்கர் கைக்குப் போனது. மூன்று மாதம் கழித்து ஒரு கட்டு காகிதம் வந்தது.

அதைப் புரட்டிப் பார்த்த வழிகாட்டிப் பேராசிரியர் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். "சென்னை பரேல் பகுதியில் மில் தொழிலாளர்கள் குடியிருந்தார்கள்" என்று அதில் இருந்தது. பரேல் இருப்பது பம்பாயில்! பம்பாய் மில்களைப் பற்றி யாரோ எழுதிய ஆய்வில் "பம்பாய்" வருகிற இடத்தில் எல்லாம் "சென்னை" என்று மாற்றிக் கொடுத்திருக்கிறான் அந்தப் பேர்வழி.

கம்ப்யூட்டரில் கொடுத்துச் சோதித்தார்கள். பாதிக்கு மேல் காப்பி!

"போலீசில் புகார் கொடுக்கலாமே, தங்கச்சி?" என்று கேட்டேன்.

"எப்படிண்ணா குடுக்கறது? எழுதிக் குடுன்னு கேட்டதே நான்தானே. வெளியில தெரிஞ்சா என் சீட்டே போயிடும்" என்றார். கண் கலங்கியது.

இந்தப் பயம்தான் புரோக்கர்களின் மூலதனம். ஏமாந்தவர் வாய் திறக்க மாட்டார். தப்பு மாணவி மேலும் இருக்கிறது. அதை அவரே ஒப்புக் கொள்கிறார்.

என்ன தண்டனை?

பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் இதற்கென்று விதிமுறை கொண்டு வந்தது. திருட்டின் அளவுக்குத் தக்கபடி தண்டனை.

10 சதவீதம் வரை ஒத்துப்போனால் தண்டனை இல்லை. 10 முதல் 40 சதவீதம் வரை என்றால் 6 மாதத்துக்குள் திருத்தி எழுதிக் கொடுக்க வேண்டும். 40 முதல் 60 வரை என்றால் ஒரு வருஷம் திருத்திக் கொடுக்கவும் தடை. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. பட்டம் வாங்கிய பிறகு அகப்பட்டாலும் தப்ப முடியாது. பட்டத்தை நிறுத்தி வைக்கலாம்.

இந்த மாணவிக்கு ஒரு நல்ல காலம். கட்டு இன்னும் பல்கலைக்கழகத்துக்குப் போகவில்லை. போயிருந்தால் ஒரு வருஷம் கையைக் கட்டிக் கொண்டு உட்கார வேண்டியதுதான்.

டீக்கடையில் கிடைத்த ஆள்

நான் பிளஸ் டூ தாண்டாதவன். பல்கலைக்கழக வாசலுக்கு இதுவரை போனதெல்லாம் ஸ்டிரைக், தடியடி செய்தி எடுக்கத்தான். உள்ளே நூலகத்தில் என்னதான் இருக்கிறது என்று எனக்கும் தெரியாது. திருவல்லிக்கேணி டீக்கடை ஒன்றில் ஓய்வு பெற்ற நூலகர் ஒருவரைப் பிடித்தேன்.

"தம்பி, திருடனுக்குக் குடுத்த காசுக்கு அந்தப் பொண்ணு பஸ் ஏறி நூலகத்துக்கு வந்திருந்தா பத்து தீசிஸ் எழுதியிருக்கலாம்" என்று ஆரம்பித்தார் பெரியவர்.

கணக்கு வாத்தியார்

சேப்பாக்கத்தில் இருக்கும் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தைப் பற்றிச் சொன்னார். 1924 ஜனவரியில் அங்கே முதல் நூலகராக வந்தவர் எஸ்.ஆர்.ரங்கநாதன். சீர்காழிக்காரர். மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். வந்த சில நாளிலேயே அலுத்துப் போய், பழைய வேலைக்கே திரும்பிவிடப் பார்த்தார். லண்டனுக்கு அனுப்பி வைத்தார்கள். அங்கே ஒரு கடையில் குழந்தைகள் விளையாடும் 'மெக்கானோ' சாமானைப் பார்த்தார். துண்டு துண்டாக இருக்கும் பாகங்களைச் சேர்த்தால் விதவிதமான பொம்மை வருகிறது. புத்தகத்தின் விஷயத்தையும் இப்படிப் பிரித்துச் சேர்த்தால் என்ன என்று தோன்றியது.

அதுதான் 'கோலன்' பகுப்பு முறை. 1933-ல் புத்தகமாக வந்தது. அதற்கு முன்பே, 1931-ல், நூலகத்துக்கான ஐந்து விதிகளை வெளியிட்டார். புத்தகம் பூட்டி வைக்க அல்ல, படிக்க. வருகிறவரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பதெல்லாம் அதில் அடக்கம். உலகம் முழுவதும் நூலகர்கள் அதைப் படிக்கிறார்கள். அவர் பிறந்த ஆகஸ்டு 12-ந் தேதி நூலகர் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

"புத்தகத்து முதுகுல ஒட்டியிருக்கிற நம்பர் சும்மா இல்ல தம்பி. அது விலாசம். ஒரு புத்தகத்தைத் தேடிப் போனா, அதே விஷயத்தைப் பேசற அண்ணன் தம்பி எல்லாம் பக்கத்துலயே நிக்கும்" என்றார் பெரியவர்.

கையில் சாவி!

அடுத்து அவர் சொன்னதுதான் என்னைத் தூக்கி வாரிப் போட்டது.

ஆராய்ச்சிக்குப் புத்தகம் மட்டும் போதாது. உலகம் முழுவதும் வெளியாகும் ஆய்வுப் பத்திரிகைகள் வேண்டும். அவற்றின் சந்தா தலை சுற்ற வைக்கும். இதற்காக மத்திய மந்திரிசபை 2024 நவம்பர் 25-ந் தேதி "ஒரே நாடு ஒரே சந்தா" என்ற திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று வருஷத்துக்கு ரூ.6 ஆயிரம் கோடி. 30 பதிப்பகங்கள். சுமார் 13 ஆயிரம் பத்திரிகைகள். மத்திய, மாநில அரசுகளின் 6 ஆயிரத்து 300-க்கும் மேற்பட்ட கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு இது கிடைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. 2025 ஜனவரி 1-ந் தேதி நடைமுறைக்கு வந்தது. அரசு நிறுவனங்களுக்கு என்று தொடங்கியதால், தனியார் கல்லூரிப் பிள்ளைகள் இதை நம்பி இருந்துவிடக் கூடாது.

நம் மாணவி படிப்பது அரசுக் கல்லூரி. நூலகரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கம்ப்யூட்டரில் நுழைய வழி சொல்லியிருப்பார். கையில் சாவியை வைத்துக் கொண்டு பூட்டை உடைக்க ஆள் கூப்பிட்ட கதை!

எல்லோருக்கும் இலவசம்

"சோத்கங்கா" என்று ஒன்று. நாடு முழுவதும் பல்கலைக்கழகங்களில் ஏற்றுக் கொள்ளப்பட்ட ஆய்வேடுகளைக் கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்திருக்கும் களஞ்சியம். குஜராத் காந்திநகரில் உள்ள 'இன்ப்ளிப்நெட்' மையம் இதை நடத்துகிறது. ஆய்வேடுகளை இப்படிக் கம்ப்யூட்டர் வடிவிலும் கொடுக்க வேண்டும் என்று 2009-ல் மானியக் குழு விதி போட்டது. லட்சக்கணக்கான ஆய்வேடுகள் இருக்கின்றன. யாரும் படிக்கலாம். காசு இல்லை. நான்கூட செல்போனில் திறந்து பார்த்தேன்.

அந்தப் புரோக்கர் கை வைத்ததும் இங்கேதான். சோதனைக் கம்ப்யூட்டர் ஒப்பிட்டுப் பார்ப்பதும் இங்கேதான். திருடிய வீட்டு வாசலிலேயே திருட்டுச் சாமானை விற்க வந்தால் அகப்படாமல் என்ன செய்யும்?

தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்னூலகத்திலும் பழைய தமிழ்ப் புத்தகங்களை இலவசமாகப் படிக்கலாம்.

செட்டிநாட்டிலிருந்து தரமணிக்கு

பெரியவர் இன்னொரு சங்கதியும் சொன்னார். கோட்டையூர் ரோஜா முத்தையா தன் வாழ்நாள் முழுவதும் சேர்த்த புத்தகம், பத்திரிகை, நோட்டீசு எல்லாம் லட்சத்தை எட்டும். அவர் 1992-ல் காலமானார். அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் அதை விலைக்கு வாங்கியது. ஆனால் கப்பல் ஏற்றிக் கொண்டு போகவில்லை. இங்கேயே நூலகமாக்க ஏற்பாடு செய்தது. 1994-ல் சென்னையில் தொடங்கிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இப்போது தரமணியில் இருக்கிறது.

"மில் தொழிலாளர் கதைன்னா இங்கயும் பாக்கணும், எழும்பூர் ஆவணக் காப்பகத்துலயும் பாக்கணும். 1918-ல மெட்ராஸ் லேபர் யூனியன் பொறந்ததே அந்தப் பெரம்பூர் மில் ஆளுங்களாலதான். அந்தப் பொண்ணுக்குப் பம்பாய் எதுக்கு?" என்று கேட்டார்.

ஜெராக்ஸ் வழக்கு

புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்தால் போலீஸ் பிடிக்குமோ என்று பல மாணவர்களுக்குப் பயம். கோர்ட்டு செய்தி எடுப்பவன் என்ற முறையில் இதை நான் சொல்கிறேன். டெல்லி பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை மீது 2012-ல் மூன்று பெரிய வெளிநாட்டுப் பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. பாடம் நடத்துவதற்காகப் பகுதிகளைப் பிரதி எடுப்பது பதிப்புரிமை மீறல் அல்ல என்று 2016 செப்டம்பரில் டெல்லி ஐகோர்ட்டு நீதிபதி தீர்ப்புச் சொன்னார். அப்பீல் நடந்தது. 2017-ல் பதிப்பகங்களே வழக்கைக் கைவிட்டன.

அதற்காக முழுப் புத்தகத்தையும் அடித்து விற்கலாம் என்று அர்த்தம் இல்லை. பக்கத்தைக் கிழித்துப் பையில் போட்டுக் கொள்வதும் திருட்டுத்தான். ஒருவர் கிழித்த பக்கம் அடுத்து வரும் நூறு பேருக்கு இல்லை.

வெட்கம் வேண்டாம்

பெரியவர் மாணவர்களுக்குச் சொல்வது இதுதான். உள்ளே நுழைந்ததும் நேராக நூலகரிடம் போங்கள். என்ன விஷயம் என்று நான்கு வரியில் சொல்லுங்கள். ஆங்கிலம் வராதா? தமிழில் கேளுங்கள். வழி காட்டத்தான் அவருக்குச் சம்பளம். எடுத்த குறிப்பின் பக்கத்திலேயே எந்தப் புத்தகம், எத்தனையாம் பக்கம் என்று எழுதி வையுங்கள். சொல்லி எடுத்தால் அது மேற்கோள். சொல்லாமல் எடுத்தால் அது திருட்டு.

மாணவியைப் பெரியவரிடம் அழைத்துப் போய் விட்டேன். புரோக்கர் கொடுத்த கட்டு அவர்கள் வீட்டு அடுப்புக்குப் போய்விட்டதாம்.

போன வாரம் போன் வந்தது.

"அண்ணா, பாட்டன் மில்லைப் பத்தி 40 பக்கம் எழுதிட்டேன். எல்லாம் நானே எழுதினது."

"சபாஷ்! அம்மா கம்மல் என்ன ஆச்சு, தங்கச்சி?"

"அது இன்னும் அடகுக் கடையிலதாண்ணா இருக்கு. வட்டி ஓடிக்கிட்டிருக்கு."