பேயைப் பார்த்துச் சிரிப்போம்

எமது தையல் பயிற்சி வகுப்பு முடிந்த நாளில், எல்லோருமாகச் சேர்ந்து ஒரு படம் பார்ப்பதென்று தீர்மானித்தோம். நான் ஒரு குடும்பப் படத்தைக் கொண்டு போயிருந்தேன்.

"அழுகிற படம் வேண்டாம் தங்கச்சி. அழுறதுக்கு எங்களுக்குப் படம் தேவையில்லை. பேய்ப்படம் ஒண்டு போடுங்கோ, சிரிப்பம்" என்றார் ஓர் அக்கா.

எனக்குத் தயக்கமாக இருந்தது. செல்லடிக்குள்ளும் பதுங்குகுழிக்குள்ளும் கிடந்து எழும்பியவர்களுக்குப் பயமுறுத்தும் படமா? ஆனால் அவர்கள் கேட்டது பேயையே பகிடி பண்ணுகிற படம். 'காஞ்சனா' போட்டோம்.

ராகவா லோரன்ஸ் இயக்கி நடித்த 'முனி' 2007இல் வந்தது. அந்த வரிசையில் 2011இல் வெளியானது 'காஞ்சனா'. இதில் வரும் வளர்ந்த ஆண்பிள்ளை, இருட்டிவிட்டால் தாயின் இடுப்பில் தொற்றிக்கொள்கிறான். இரவில் கழிவறைக்குப் போவதற்கும் அவனுக்குத் துணை வேண்டும். தாயாகக் கோவை சரளாவும் அண்ணியாகத் தேவதர்ஷினியும் பேய்க்குப் பயந்து நடுங்கும் இடங்களில் எமது மண்டபமே அதிர்ந்தது. "ஆம்பிளையளும் பயப்பிடுவினம் எண்டு காட்டினாங்களே, அதுவே பெரிய காரியம்" என்று ஒருவர் சொல்ல, சிரிப்பு இன்னும் கூடியது.

இப்படியான படங்களில் எதிர்பாராதது என்று அதிகம் இல்லை. பூட்டிய அறை, கிரீச்சிடும் கதவு, கொலுசுச் சத்தம் எல்லாம் எமக்குப் பழக்கமானவை. 2005இல் வந்த 'சந்திரமுகி'யில் வடிவேலு உதறியதையும் நாம் மறக்கவில்லை. படம் எடுத்தவர்களுக்கும் இது பழைய சாமான் என்று தெரியும். தெரிந்துகொண்டே அளவுக்கு மிஞ்சிக் காட்டி, தம்மைத் தாமே பகிடி பண்ணுகிறார்கள். எமது சகோதரிகளும் விடவில்லை. "இப்ப லைற் நூரும் பாருங்கோ" என்று ஒருவர் முந்திக்கொண்டார். சொன்னபடி நடந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டலைக் கேட்டபோதுதான் எனக்கு விடயம் விளங்கியது. யுத்த காலத்தில் நாம் அறிந்த பயம் சொல்லிவிட்டு வரவில்லை. அதை நிறுத்துவதற்கு ஓர் ஆளியும் இருக்கவில்லை. இந்தப் பயமோ நாம் கேட்டு வாங்கியது. எப்போது வரும் என்று இசையே சொல்லிவிடுகிறது. பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கை இருக்கிறது. படத்தோடு முடிந்தும் விடுகிறது. இறுகிய உடம்பு சிரிப்போடு இளகுகிறது.

பேய் ஏன் வந்தது என்பதையும் கவனியுங்கள். சரத்குமார் நடித்த காஞ்சனா ஒரு திருநங்கை. வைத்தியசாலை கட்டுவதற்காகத் தான் வாங்கிய காணியை ஓர் அரசியல்வாதி அபகரித்ததால் கொல்லப்பட்டவள். தன்னைக் கொன்றவர்களைப் பழிவாங்கவென்று வருகிறாள். அந்தப் பகுதி வந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. காணி இழந்தவர்கள் அங்கேயும் இருந்தார்கள்.

இப்படங்களில் குறையில்லை என்று நான் சொல்லமாட்டேன். உடற்பருமனையும் நிறத்தையும் வைத்துச் செய்யும் பகிடிகள் இவ்வகைப் படங்களில் ஏராளம். பிள்ளைகளோடு பார்த்தால் அதைப்பற்றிக் கதைக்கவும் வேண்டும். எல்லோருக்கும் இது ஒத்துவரும் என்றுமில்லை. அன்று ஒரு சகோதரி திடீர்ச் சத்தத்தில் எழும்பி வெளியே போனார். நான் கூடப் போய் விறாந்தையில் இருந்தேன். பிறகு சத்தத்தைக் குறைத்து, கதவைத் திறந்து விட்டோம். வற்புறுத்தி ஒருவரையும் இருத்தக்கூடாது. நித்திரை குழம்பி, பழைய நினைவுகள் தொடர்ந்து வருத்தினால் வைத்தியசாலையின் மனநலப் பிரிவை நாடுவதே நல்லது.

படம் முடிந்து கதிரைகளை அடுக்கும்போது, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டே முழுப்படத்தையும் பார்த்த ஓர் அக்கா என்னிடம் வந்தார். அவரது கணவர் 2009இலிருந்து காணாமல் ஆக்கப்பட்டவர். "என்ர மனுசன் எங்க எண்டே தெரியாது. நான் இப்பிடிச் சிரிச்சது பிழையே தங்கச்சி?" என்று கேட்டார். நான் படித்த சமூகவியலில் அதற்கு உடனே பதில் வரவில்லை.

பக்கத்தில் நின்ற வயதான அம்மாதான் பதில் சொன்னார். "உன்ர மனுசன் ஆரைப் பகிடி பண்ணாமல் விட்டவன்? வந்து கேட்டால், நானும் பாத்துச் சிரிச்சனான் எண்டு சொல்லு பிள்ளை."

அந்த அக்கா தலைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு மீண்டும் சிரித்தார். கண்ணும் கலங்கியிருந்தது.

சகோதரிகளே, எமது துக்கத்துக்குச் சிரிப்பு துரோகம் செய்வதில்லை. ஊர் என்ன சொல்லும் என்று பயந்து அதைப் பொத்தி வைக்கவேண்டியதில்லை. அடுத்த மாதர் சங்கக் கூட்டம் முடிந்தபின், நீங்களும் ஒரு பேய்ப்படம் போட்டுப் பாருங்கள். தனியாக வேண்டாம், கூட்டமாக இருந்து பாருங்கள்.