புது மூட்டில் யார் கை வைக்கலாம்?

முழங்கால் மூட்டு மாற்றி வீட்டுக்கு வந்தவரின் காலைப் பார்த்தால் யாருக்கும் பகீரென்றுதான் இருக்கும். தொடையிலிருந்து கணுக்கால் வரை கருநீலமும் மஞ்சளுமாக இறங்கியிருக்கும். பாதம் வீங்கி மினுமினுக்கும். "ரத்தம் கட்டிக்கிச்சு, உருவி விட்டாக் கரைஞ்சிடும்" என்று சொல்ல எதிர்வீட்டில் ஒருவர் இருப்பார். மறுநாளே எண்ணெய்க் கிண்ணமும் வெந்நீருமாக ஓர் ஆள் வந்துவிடுவார். சுளுக்கு எடுப்பதில் கைராசிக்காரர் என்று பேர். ஊர் மாறுகிறது, எண்ணெய் மாறுகிறது, இந்தக் கதை மட்டும் மாறவே இல்லை.

தோலுக்கடியில் தெரியும் நீலம் அறுவை சிகிச்சையின்போது கசிந்த ரத்தம். இரண்டு மூன்று வாரத்தில் தானாக மறையும். பயப்பட வேண்டிய ரத்தக்கட்டு கண்ணுக்குத் தெரியாது. கெண்டைக்காலின் ஆழத்தில் ஓடும் சிரைக்குள் ரத்தம் உறைந்து கிடக்கும். முதல் சில வாரங்களில் இந்த அபாயம் அதிகம். மூன்று மாதம் வரைகூடக் கவனம் வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையோ ஊசியோ எழுதித் தருவது இதற்காகத்தான். ரத்தம் உறைந்து கிடக்கும் நிலையில் காலைக் கசக்கினால் கட்டி கழன்று நுரையீரலில் போய் அடைக்கலாம், உயிரே போகலாம். மாத்திரை சாப்பிடுகிறவரின் காலை அழுத்தி உருவினால் உள்ளுக்குள் ரத்தம் கசியும் ஆபத்து வேறு.

ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாகி, தொட்டால் வலித்தால் அன்றே அறுவை செய்த மருத்துவரிடம் போய் டாப்ளர் ஸ்கேன் பற்றிக் கேளுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் யோசிக்காமல் 108. இந்த அறிகுறி எதுவுமே இல்லாமலும் கட்டி இருக்கலாம். ஆகவே மறுபடி சொல்கிறேன்: மருத்துவர் சொல்லாமல் கெண்டைக்காலை யாரும் உருவக்கூடாது.

அப்படியென்றால் கையால் தரும் சிகிச்சையே வேண்டாமா? வேண்டும், ஆனால் கை யாருடையது, எப்போது, எந்த இடத்தில் என்பதுதான் கேள்வி. படித்த பிசியோதெரபிஸ்ட் வந்ததும் முதலில் கெண்டைக்காலையும் தையலையும் பார்ப்பார். காலை உயர்த்தி வைத்து, வீக்கம் வடிய மேல்நோக்கி மிக மென்மையாகத் தடவுவார். முழங்கால் சில்லை இரு விரலால் பிடித்து மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்த்துவார். தொடைத் தசையின் இறுக்கத்தைத் தளர்த்துவார். தழும்பில் கை வைப்பது புண் முழுக்க ஆறி, பொருக்கு உதிர்ந்து, மருத்துவர் சரி சொன்ன பிறகே. தையல் பிரித்த மறுநாள் தழும்பில் தேங்காய் எண்ணெய் தேய்க்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. கிருமி உள்ளே போய் மூட்டில் ஒட்டிக்கொண்டால் திரும்பவும் ஆபரேஷன்தான்.

இந்தத் தடவலெல்லாம் பயிற்சிக்குத் துணை மட்டுமே. மூட்டை மடக்கி நீட்டுவதும் எழுந்து நடப்பதும் நோயாளியின் வேலை. இன்னொன்று: இதமாக இருக்கிறதென்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுக்காதீர்கள், கால் முழுசாக நீளாமலே நின்றுவிடும். வைப்பதென்றால் குதிகாலுக்கு அடியில்.

எதிர்த் தவறும் நடக்கிறது. ஆறு வாரமாகியும் மூட்டு 90 பாகைகூட மடங்கவில்லை. "இன்னும் பத்து நாள் உருவினாச் சரியாயிடும்" என்ற பேச்சை நம்பி மாதங்களைக் கடத்துகிறார்கள். உள்ளே தழும்புத் திசு இறுகிக்கொண்டிருக்கும். மயக்கம் கொடுத்து மூட்டை மடக்கிவிடும் வைத்தியத்தைப் பெரும்பாலும் முதல் 12 வாரத்துக்குள் செய்தால்தான் நல்ல பலன். கெடு தாண்டிப் போனால் மருத்துவர் என்ன செய்வார்? அதனால் வருகிற தெரபிஸ்ட் ஒவ்வொரு வாரமும் கோணத்தை அளந்து நோட்டில் எழுதுகிறாரா என்று பாருங்கள். அளக்காதவரை மாற்றுங்கள்.

தெரபிஸ்ட் படித்தவரா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். பி.பி.டி. பட்டமா, எந்தக் கல்லூரி? இயன்முறை மருத்துவம் (பிசியோதெரபி) உள்ளிட்ட துறைகளை முறைப்படுத்த 2021இல் மத்திய அரசு தனிச் சட்டமே கொண்டுவந்தது. ஆனால் தெருமுனையில் 'மூட்டு வலி நிபுணர்' பலகை மாட்டுகிறவரைத் தேடி வந்து பார்க்க எந்த அதிகாரிக்கும் நேரமில்லை. நாம்தான் கேட்க வேண்டும்.

டிஸ்சார்ஜ் அன்று பில் கட்டும் அவசரத்தில் எல்லோரும் கோட்டை விடுவது இங்கேதான். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'பிசியோதெரபி' என்று ஒற்றைச் சொல் இருந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எத்தனை வாரம், வாரத்துக்கு எத்தனை முறை, காலில் எவ்வளவு பாரம் ஊன்றலாம், ரத்தம் உறையாத மருந்து எந்தத் தேதி வரை, தழும்பில் எப்போது கை வைக்கலாம் என்று மருத்துவர் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். பொருத்திய மூட்டின் பெயர், பேட்ச் எண் கொண்ட ஸ்டிக்கரையும் கேளுங்கள். மறுபடி வரலாம் என்று விட்டால் வார்டுக்கும் பில்லிங்குக்கும் நடையாய் நடக்க வேண்டியிருக்கும், அதுவும் இந்தக் காலை வைத்துக்கொண்டு.

மருத்துவர் எழுதித் தரும் அந்தக் காகிதத்துக்குப் பண மதிப்பும் உண்டு. பல மருத்துவக் காப்பீட்டு பாலிசிகளில் டிஸ்சார்ஜுக்குப் பின் 60 நாள் வரையான செலவைக் கேட்கலாம். மருத்துவர் எழுதிய பிசியோதெரபியும் அதில் சேரும். எழுத்து இல்லாவிட்டால் நிராகரிப்பார்கள். ஒவ்வொரு வருகைக்கும் தேதி, பெயர், கையெழுத்தோடு ரசீது வாங்குங்கள். கம்பெனி மறுத்தால் முதலில் அதன் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது மறுபடி மறுப்பு என்றால் ஓராண்டுக்குள் காப்பீட்டு ஓம்பட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

தவறான கையால் காலுக்குக் கேடு வந்துவிட்டதா? முதலில் வைத்தியம். கூடவே மருத்துவமனையிடம் சிகிச்சைப் பதிவுகளின் நகலை எழுத்துமூலம் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. தனியார் மருத்துவமனை, கிளினிக் மீதான புகார் மாவட்டத்தின் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநருக்குப் போக வேண்டும். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்குங்கள். இல்லையேல் ஸ்பீடு போஸ்ட். "விட்டுட்டுப் போங்க" என்று சொன்னால் முத்திரை இல்லாமல் நகராதீர்கள்.

இழப்பீடு கேட்க மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். மருத்துவ சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே சொல்லிவிட்டது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, இரண்டு ஆண்டுக்குள் மனு போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. எண்ணெய்க் கிண்ணக்காரருக்கு ரொக்கமாகக் கொடுத்துவிட்டு ரசீது இல்லாமல் போனால் வழக்கு தள்ளாடும், ஜிபே பதிவாவது இருக்கட்டும்.

கையில் காசில்லை, அதனால்தான் அவரைக் கூப்பிட்டோம் என்பவர்களுக்கு: தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் இயன்முறை சிகிச்சையும் உண்டு. டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலோடு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பெயரைப் பதியச் சொல்லுங்கள். தகவலுக்கு 104.